பள்ளிகொண்டாவில் நான் சொன்ன ‘பாஸ்’

புதிதாக விசில் வாங்கியிருக்கும் ஒன்பது பேருக்கும் நாலு வார்த்தை நல்லதாகப் பேசுங்கள் என்று சங்கத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். வாயால் பேசினால் பாதியில் தடுமாறிவிடுவேன் என்று தெரிந்துதான் எழுதி எடுத்து வந்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷம் ஆம்பூரிலும் வேலூரிலும் நடுவில் இருக்கிற ஊர்களிலும் கால்பந்து ரெஃப்ரியாக ஓடினேன். ஆப்சைடு, பெனால்டி, கார்னர் எல்லாம் ரூல் புத்தகத்தில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். எனக்கு முட்டி போய்விட்டது, ஓடிக் காட்டவும் முடியாது.

நல்லதாகப் பேசச் சொன்னார்கள். நான் பேசப்போவது நல்லதில்லை. கேட்ட பிறகு உங்களில் சிலர் என்னோடு உட்கார்ந்து காப்பி சாப்பிட மாட்டீர்கள். சாப்பிடாவிட்டால் போகிறது.

வருகிற சனிக்கிழமை சங்கத்தில் ஓட்டு. குடை மேனேஜரின் படத்தைச் சங்கத்து அறையில் மாட்டலாமா கூடாதா என்று. உங்களுக்கும் ஆளுக்கு ஓர் ஓட்டு உண்டு. நீங்கள் யாரும் அவரை ஆட்டக் களத்தில் பார்த்திருக்க மாட்டீர்கள். கேள்விப்பட்டிருப்பீர்கள். கேள்விப்பட்டதை வைத்துத்தான் ஓட்டுப் போடுவீர்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

போன வாரம் ஆம்பூர் பஜாரில் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். என் முகத்தில் சோப்பு. பின்னால் பெஞ்சில் இரண்டு பேர்.

“அந்தாளு இருந்த வரைக்கும் ஆடினாங்க பாரு, அது ஆட்டம். இப்ப ஆடறது இன்னா, வெறும் ஓட்டம்.”

“மூணு கப்பு குடுத்தான், ஒத்துக்கறேன். நாலாம் வருசம் வேலூர்க்காரன் கூப்டதும் குடைய மடக்கிக்கினு போய்ட்டான் இல்ல?”

“போயும் நமக்குத்தானே கோல் குடுத்தான்?”

“அத்தத்தான் நானும் கேக்கறேன். சோறு அங்க, விசுவாசம் இங்கயா? அந்த மாதிரி ஆள எந்த ஊருப்பா நம்பும்?”

அதற்குள் முடி வெட்டுகிறவர் கத்தியை என் கழுத்தில் வைத்தபடியே, “நம்ம பாஸ்காரரையே கேளுங்க, அவருதானே அன்னிக்கு ரெஃப்ரி” என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சோப்பு பட்டுவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

வேலூரில் போய்க் கேட்டால் இந்த இரண்டு கட்சியும் கிடையாது. ஒரே பேச்சுதான். வேலூரை ஆம்பூருக்கு விற்றவன். கையெழுத்துப் போட்டு விற்றவன். அந்தக் கையெழுத்துப் போட்ட காகிதம் இன்னும் சங்கத்து அலமாரியில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் ஆவாரம் பட்டை கோடவுனைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஊர் அணிக்கு மேனேஜர். சித்திரை வெயிலிலும் கோட்டு, கோட்டில் ரோஜாப்பூ, முறுக்கிவிட்ட மீசை, முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட்ட பூட்ஸ். அவர் அணியில் ஆடுகிற பதினோரு பேரும் வெறுங்கால். கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. அந்தக் குடைதான் அவருக்கு வாய். விரித்தால் எல்லோரும் முன்னால் ஏறி அடிக்க வேண்டும். மடக்கி நேராகத் தூக்கிப் பிடித்தால் பந்து எங்கே இருந்தாலும் விட்டுவிட்டுத் தங்கள் பாதிக்குத் திரும்ப வேண்டும். கூட்டத்தின் கூச்சலில் காது கேட்காது, குடை தெரியும் இல்லையா. மூன்று வருஷம் பையன்களை அப்படியே பழக்கி வைத்திருந்தார். தோற்றால் நடு மைதானத்தில் நிற்கவைத்துக் கேவலமாகத் திட்டுவார். அன்று மாலையே அதே பையன் வீட்டு வாசலில் அல்வாப் பொட்டலத்தோடு நிற்பார். எனக்கு அவரைப் பிடிக்காது. அந்த மீசையே பிடிக்காது.

ஒரு தடவை எதிரணிக்காரர்கள் குடையைப் பற்றிப் புகார் சொன்னார்கள். நான் புது ரெஃப்ரி, கோபக்காரன். நேராகப் போய், “குடையை வேலிக்கு வெளியே வையுங்கள்” என்றேன். புத்தகத்தில் குடையைப் பற்றி ஒரு வரி கிடையாது, நானாக உண்டாக்கிய சட்டம். மனிதர் தலை குனிந்து, “உத்தரவு சார்” என்று குடையை முள்வேலியில் மாட்டினார். பிறகு கோட்டைக் கழற்றினார், எல்லோரும் முன்னால் ஏறினார்கள். மாட்டினார், திரும்பினார்கள். இடைவேளைக்குள் பதினோரு தடவை கோட்டைக் கழற்றி மாட்டினார். ஒவ்வொரு தடவையும் கூட்டம் எண்ணியது. கோட்டையும் தடுத்தால் சட்டையைக் கழற்றுவார் என்று தெரிந்து நானே போய்க் குடையை எடுத்துக் கொடுத்தேன். கோபத்தில் சட்டம் போடாதீர்கள். போட்டால் நீங்கள்தான் போய் எடுக்க வேண்டியிருக்கும்.

நாலாம் வருஷம் ஷாப்பு முதலாளியோடு ஏதோ பேஜார். அவர் வேலூர் அணிக்குப் போய்விட்டார். ஏன் போனார் என்று ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். எனக்குத் தெரியாது, தெரியாததைச் சொல்லவில்லை. அந்த வருஷம் கப்பு ஆட்டத்தின் கடைசிப் போட்டிக்கு வந்து நின்றது ஆம்பூரும் வேலூரும்தான். ஒருவர் ஊரில் ஒருவர் ஆட மாட்டோம் என்றார்கள். நடுவில் பள்ளிகொண்டா, பாலாற்றங்கரை மைதானம் என்று முடிவாயிற்று.

ரெஃப்ரி யார் என்பதில் இன்னும் பெரிய தகராறு. நான் ஆம்பூர்க்காரன், ஆம்பூர் ஷாப்பில் வேலை. வேலூர்க்காரர்கள் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். ஒத்துக்கொண்டார்கள். குடை மேனேஜர் சொன்னாராம்: “அவன் சொந்த மொதலாளி தோலையே தள்ளறவன். அவனே இருக்கட்டும்.”

அது உண்மைதான். என் வேலை தோல் தரம் பார்ப்பது. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், மற்றதெல்லாம் இதில்தான் இருக்கிறது. பதனிட்ட தோலை மேஜை மேல் விரிப்பார்கள். கட்டை விரலால் அழுத்தித் தடவிப் பார்ப்பேன். குறை இருந்தால் பேச்சே கிடையாது, இடது பக்கம் தள்ளிவிடுவேன். குறை இல்லாவிட்டால் “பாஸ்” என்று உரக்கச் சொல்லி வலது கையால் வலது பக்கம் தள்ளுவேன். எனக்கு அந்த வார்த்தையின் அர்த்தம், குறை ஒன்றும் இல்லை, மேலே போகட்டும் என்பது. வெளியே நிற்கிற வியாபாரிக்கும் மேஸ்திரிக்கும் அர்த்தம், ஏற்றுக்கொண்டாயிற்று என்பது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாஸ் சொன்ன தோல் திரும்ப மேஜைக்கு வராது. சொன்னவன் தன் வாயால் அதை மாற்றக் கூடாது. ஒரு தடவை மாற்றினவனை எந்த ஷாப்பிலும் மேஜையருகே விட மாட்டார்கள். ஒரு நாளைக்கு அந்த வார்த்தையை நூற்றுக்கணக்கான தடவை சொல்லுவேன். தூக்கத்தில்கூடச் சொல்லுகிறேன் என்று என் சம்சாரம் சிரிப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிகொண்டாவில் அவ்வளவு கூட்டத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஆற்றுப் பக்கத்துக் கோலுக்குப் பின்னால் ஆம்பூர் ஷாப்புக்காரர்கள், ரோட்டுப் பக்கம் முழுக்க வேலூர்க்காரர்கள், நடுவே கயிறு. போலீஸ்காரர்கள் இரண்டே பேர், அதில் ஒருவருக்குத் தொந்தி. அவரைக் கேலி பண்ண ஆம்பூர்க்காரர்கள் பாதிப்பேர் கையில் கிழிந்த குடை. மேனேஜர் உள்ளே வந்ததும் எல்லாவற்றையும் விரித்து ஆட்டிக் கூவினார்கள். அவர் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். கூவினவர்களில் சிலர் வாய் அடங்கித் திரும்பக் கும்பிட்டதையும் பார்த்தேன்.

ஆட்டம் ஆரம்பத்திலிருந்தே முரட்டு ஆட்டம். கோல் விழவில்லை. நேரம் ஆக ஆகக் கூட்டம் கயிற்றை மார்பால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தது. கார்னர் அடிக்கிறவனுக்குக் கால் வீச இடமில்லை. வேலூர்ப் பக்கம் யாரோ வேலியிலிருந்து சவுக்குக் கம்புகளைப் பிடுங்குவது தெரிந்தது. ஆம்பூர்ப் பக்கம் ஆற்றுக் கல்லைக் குவிக்கிறார்கள் என்று லைன்ஸ்மேன் வந்து காதில் சொன்னார். மீதி இருந்தது மூன்று நிமிஷம். டிராவில் முடிந்துவிட்டால் எல்லோரும் வீடு போய்ச் சேரலாம் என்று ஒவ்வொரு நொடியாகத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஆம்பூர் செண்டர் ஃபார்வர்டு மாணிக்கம் பந்தை வாங்கினான். பட்டை வெட்டுகிறவன், குடை மேனேஜர் கண்டுபிடித்த பையன். ஓடிவந்த வேகத்தில் அடித்தான். பந்து மேல் கம்பின் அடிப்பக்கத்தில் மோதி நேராகக் கீழே விழுந்தது. கோலின் சுண்ணாம்புக் கோட்டின் மேல் விழுந்தது. சுண்ணாம்பு தெறித்ததை என் கண்ணால் பார்த்தேன். அங்கிருந்து எகிறி வெளியே வந்தது. முழுப் பந்தும் கோட்டைத் தாண்டினால்தான் கோல் என்பது உங்களுக்கே தெரியும். பந்து தாண்டவில்லை. நான் பத்தடி தூரத்தில் நிற்கிறேன். சந்தேகமே இல்லை.

ஒன்றும் ஆகவில்லை, ஆட்டம் போகட்டும் என்று மனசுக்குள் நினைத்தேன். நினைத்ததைக் கை செய்தது, வாய் சொன்னது. வலது கை வலது பக்கம் வீசியது. வாயிலிருந்து “பாஸ்!” என்று வந்தது.

கோலுக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரும் தோல் ஷாப்புக்காரர்கள். அந்த வார்த்தைக்கு அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான். “பாஸ்! பாஸ் சொல்ட்டாரு! கோலு!” என்று ஒருவன் கத்த, அப்படியே அந்தப் பக்கம் முழுவதும் பாஸ், பாஸ் என்று எழுந்தது. கயிறு அறுந்தது. மாணிக்கத்தைத் தோளில் தூக்கினார்கள். வேலூர்க் கோல்கீப்பர் இரண்டு கையையும் விரித்து, “சார், லைன் மேல சார், லைன் மேல” என்று அழாத குறையாக என்னைப் பார்த்து ஓடிவந்தான். பந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. எடுத்தேன்.

பந்தில் சுண்ணாம்பு இருந்தது. பழுப்புத் தோலில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளைக் கறை. கோட்டைத் தொட்டதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. தூக்கிக் காட்டினால் போதும்.

இங்கேதான் நீங்கள் என்னைப் பார்க்க வேண்டும். என் முன்னால் எங்கள் ஷாப்பு மேஸ்திரி வந்து நின்றார். வேர்த்துக் கொட்டுகிறது, சந்தோஷத்தில் பல்லெல்லாம் தெரிகிறது. என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்புப் போய்விட்டது. கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார்.

“இன்னாப்பா மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது? பாஸ் சொன்னது சொன்னதுதான். எல்லாம் நம்ம ஆளுங்க, காதால கேட்டாங்க. சொன்னத்த திரும்ப வாங்கினா, நாளைக்கு மேஜைல உன் வார்த்தைய எவன் நம்புவான்? யோசிச்சுக்கோ.”

யோசித்தேன். என் மேஜையை யோசித்தேன், அதை விட்டால் வேறு வேலை தெரியாது என்பதை யோசித்தேன். ஆம்பூருக்கு எப்படித் திரும்பிப் போவது என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருக்கும்போது, தோலைத் தடவுவது போலக் கட்டை விரல் அந்த வெள்ளைக் கறையைத் தடவியது. கறை கரைந்தது. பிறகு உள்ளங்கையால் முழுதாகத் துடைத்தேன். கை தன்னால் செய்தது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ‘பாஸ்’ தன்னால் வந்தது. துடைத்தது தன்னால் வந்ததில்லை.

அதற்குள் சுண்ணாம்புக் கோட்டில் இருந்த பந்துத் தடத்தை நூறு கால் மிதித்துவிட்டது. வேலூர்க்காரர்கள் கம்புகளோடு உள்ளே இறங்கினார்கள். ஒரு கல் பறந்து வந்து லைன்ஸ்மேன் நெற்றியில் பட்டது, அவர் உட்கார்ந்துவிட்டார். வேர்க்கடலை விற்கிற பெண்கள் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் ஓடினார்கள். தொந்திப் போலீஸ்காரரைக் காணோம். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் இருபதடி இருந்தால் அதிகம். அந்த இருபதடியில் இரண்டு அணிப் பையன்களும் ஒருவன் சட்டையை ஒருவன் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதல் அடி அவர்கள் தலையில்தான் விழும். விசில் ஊதிப் பார்த்தேன், காற்றுத்தான் வந்தது.

குடை மேனேஜர் நடந்து வந்தார். ஓடவில்லை. நடு மைதானத்துக்கு வந்து குடையை மடக்கினபடி நேராகத் தலைக்கு மேல் தூக்கினார்.

வேலூர்ப் பையன்கள் திரும்பித் தங்கள் பாதிக்கு நடந்தார்கள். அது சரி, அவர் பையன்கள். ஆம்பூர்ப் பையன்களும் திரும்பினார்கள்! தோளிலிருந்து குதித்து இறங்கி மாணிக்கம்தான் முதலில் திரும்பினான். மூன்று வருஷப் பழக்கம், கால் கேட்டுவிட்டது. ஒரு நிமிஷத்துக்குள் இரண்டு அணிக்கும் நடுவில் முழு மைதானம் காலியாக இருந்தது. அடிக்க வந்தவர்களுக்கு எதிரே ஆளில்லை.

பிறகு என்னிடம் வந்தார். பையன்களை அங்கேயே நில்லுங்கள் என்று கை காட்டிவிட்டு, குடையை விரித்து என் தலைக்கும் தன் தலைக்குமாகப் பிடித்தார். அதன் மேல் ஒரு கல் விழுந்து சறுக்கியது, ஒரு கம்பி வளைந்தது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பந்து தாண்டியதா இல்லையா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வலது கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது.

தோலோடு சேர்ந்து சுண்ணாம்பில் ஊறின ஊர் எங்கள் ஊர். அந்தக் கறையைப் படிக்க அவருக்குக் கண்ணாடி வேண்டியதில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.

“கைய மூடிக்கோ, நைனா” என்றார். “ரெஃப்ரி சீட்டு எங்க? பென்சில் குடு.”

கொடுத்தேன். “திரும்பு” என்றார். திரும்பினேன். காகிதத்தை என் முதுகில் வைத்து எழுதினார். பென்சில் முனை முதுகில் ஊர்ந்தது. பிறகு காகிதத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வேலூர்க்காரர்களைப் பார்த்துக் கத்தினார்.

“கோலு! நான் ஒத்துக்கினேன்! கையெழுத்துப் போட்டாச்சு! இன்னாடா செய்வீங்க?”

அப்புறம் வேலூர்க் கூட்டம் முழுவதும் என்னை விட்டது, ஆம்பூரை விட்டது, அவரைப் பார்த்துத் திரும்பியது. அவர் தொழிலே அதுதானே. எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் அவர்கள் கண் எங்கே போக வேண்டும் என்று அவர்தான் முடிவு செய்வார். குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பையன்களிடமிருந்து விலகி, வேலூர்க்காரர்கள் நடுவிலேயே ரோட்டைப் பார்த்து நடந்தார். திட்டினார்கள், துப்பினார்கள், கோட்டைப் பிடித்து இழுத்துக் கிழித்தார்கள். அவர் வேகமாக நடக்கவே இல்லை. கூட்டம் அவர் பின்னாலேயே ரோட்டுக்குப் போய்விட்டது. அங்கே நின்ற ஜட்காவில் அவர் ஏறினதைப் பார்த்தவர்கள், முகத்தில் ரத்தம் என்றார்கள்.

மைதானத்தில் நாங்கள் மிச்சம். மூன்று நிமிஷத்தை ஆடி முடித்தோம். ஆம்பூருக்குக் கப்பு. அன்று ஒருவர் உயிரும் போகவில்லை.

அன்று மாலையே வேலூர் அணி அவரை நீக்கியது. வேறு எந்த ஊரும் கூப்பிடவில்லை. எனக்கு ஆம்பூரில் மாலை போட்டார்கள். கூட்டத்துக்குப் பயப்படாமல் சொன்ன சொல்லில் நின்றவர் என்று பேர். நீங்கள் எல்லோரும் மரியாதையாகக் கூப்பிடுகிறீர்களே பாஸ் ஐயா என்று, அந்தப் பேர் அன்று வந்தது.

இரண்டு வருஷம் கழித்து காட்பாடி ஸ்டேஷன் எதிரில் அவர் வைத்திருந்த சைக்கிள் கடைக்குப் போனேன். கையில் கிரீஸ், ஆனாலும் கோட்டு, கோட்டில் ரோஜாப்பூ. நான் உண்மையை எழுதிச் சங்கத்தில் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் சக்கரத்தைச் சுற்றி விட்டுக் கோணல் பார்த்துக்கொண்டே பேசினார்.

“இன்னாத்துக்கு? எழுதிக் குடுத்தா மறுபடி மேட்ச் வைப்பான். மறுபடி கல்லு எடுப்பான். நான் இருக்கற வரைக்கும் வேணாம்.”

“உங்களத் திட்டறாங்களே சார்.”

“திட்டட்டுமே. நல்லவன்னு சொன்னா ரெண்டு நாள்ல மறந்துடுவானுங்கப்பா. திட்டறதுக்காவது தினம் என் பேர எடுக்கறானுங்க இல்ல?” என்று மீசையைத் தடவினார். கிரீஸ் ஒட்டிக்கொண்டது.

“எனக்காக ஏன் சார் செஞ்சீங்க?”

“உனக்கா? போய்யா. ரெண்டு பக்கமும் எம் பசங்க நின்னுக்கினு இருந்தாங்க.”

நான் கிளம்பும்போது, சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். “ஒண்ணுதான் கஷ்டமா இருக்குது. மேட்ச் பாக்கணும்னு தோணுது. எந்த கிரவுண்டுக்கும் உள்ள போக முடியல.”

அதற்கப்புறம் எத்தனையோ ஆட்டங்களில், கயிற்றுக்கு வெகு தூரத்துக்கு அப்பால், மரத்தடியிலோ மதகு மேலோ ஒரு கோட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு வெயிலானாலும் குடை மடக்கியே இருக்கும். விரித்தால் அடையாளம் தெரிந்துவிடும். ரெஃப்ரி நான். உள்ளே வாருங்கள் என்று ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

நான் இருக்கிற வரைக்கும் வேண்டாம் என்றார். அவர் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. அந்த ஒரு வருஷமும் நான் வாய் திறக்கவில்லை. அது அவர் சொல்லுக்குக் கொடுத்த மரியாதை இல்லை. பயம். பஜாரில் பாஸ்காரர் என்று கூப்பிடுவது காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது.

தம்பிகளே, உங்களில் ஒருவர் பஸ் கண்டக்டர் என்று கேள்விப்பட்டேன். களத்தில் “ரைட்” என்று சொல்லிவிடாதே அப்பா. வாத்தியார் ஒருவர் இருக்கிறீர்கள், “சபாஷ்” வேண்டாம். வேலை செய்கிற இடத்து வார்த்தையைக் கயிற்றுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். விசில் மட்டும் பேசட்டும். இது சின்ன விஷயம். வார்த்தை எல்லோருக்கும் தவறும். தவறின பிறகு கையில் பந்து இருக்கும், பந்தில் கறை இருக்கும். அந்த அரை நிமிஷம் உங்களுக்கும் ஒரு நாள் வரும். அப்போது பக்கத்தில் குடை பிடிக்க ஆள் வருவார் என்று நம்பாதீர்கள்.

சனிக்கிழமை படத்தை மாட்டுவதும் மாட்டாததும் உங்கள் இஷ்டம். மனிதர் தற்பெருமைக்காரர், வாய்த் துடுக்கு, பையன்களை அழவைத்தவர். அதற்காக வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் வேலூரை விற்றவர் என்பதற்காக வேண்டாம் என்று ஒருவரும் ஓட்டுப் போடக் கூடாது. அந்த அலமாரிக் காகிதத்தோடு இந்தக் காகிதத்தையும் சேர்த்துக் குத்தி வையுங்கள். ஆம்பூர்க்காரர்கள் நாளைக்கு என் வீட்டுக்கு வந்தால் வரட்டும். அந்தக் கப்பைத் திருப்பிக் கொடுப்பது அவர்கள் பாடு.

மேஜையில் என் வாழ்நாளில் ஒரு பாஸைக்கூடத் திரும்ப வாங்கினதில்லை. இதை வாங்கிக்கொள்கிறேன். பள்ளிகொண்டாவில் பந்து கோட்டைத் தாண்டவில்லை. பந்தில் சுண்ணாம்பு இருந்தது. துடைத்தவன் நான்.